தள்ளாடும் மான்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம், மடு என்று வட இலங்கையின் வன்னிக் காட்டோர ஊர்களில் நான் வேலை செய்த காலத்தில், கால்நடை வைத்தியர் பணிமனைக்கு வருகிறவர்கள் ஆட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகிற போக்கில் மானைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. இப்போது கூடவே ஒரு காணொளியையும் அனுப்புகிறார்கள். நான் வைத்தியன் அல்லன், வைத்தியர்களோடு வேலை செய்தவன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன்.

ஐயா, தோட்டத்து வேலியோரம் ஒரு மான் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இது என்ன நோய்?

சுற்றுவதை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல யாராலும் முடியாது. மூளையின் ஒரு பக்கம் பழுதானால் விலங்கு ஒரே பக்கமாகச் சுற்றும். உட்காதில் சீழ் வைத்தாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு சுற்றும். ஒரு கண் தெரியாமல் போனாலும் சுற்றும். ஆண் மான்கள் கொம்பால் முட்டிக்கொள்ளும்போது மண்டையில் ஏற்படும் காயத்தின் வழியே கிருமி உள்ளே போய் மூளையில் சீழ்க்கட்டி உண்டாக்குவதும் உண்டு. நாயின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டையை மேய்ச்சலோடு விழுங்கும் ஆடுகளுக்கு மூளையில் நீர்க்கட்டி வளர்ந்து, அவையும் இப்படித்தான் சுற்றும். லிஸ்ரீரியா என்ற பக்டீரியா மூளைத்தண்டைத் தாக்கினால் சுற்றுவதோடு முகத்தில் ஒரு பக்கம் தொங்கும், காது விழும், வாயோரம் எச்சில் வடியும்.

ஆகவே நான் திருப்பிக் கேட்பது வேறு கேள்விகள். எந்தப் பக்கம் சுற்றுகிறது? தலை சாய்ந்திருக்கிறதா? உடம்பு கொழுத்திருக்கிறதா, எலும்பு தெரிகிறதா? காயம் உண்டா? அந்தப் பக்கத்தில் அண்மையில் நாயோ நரியோ விசர் (ரேபிஸ்) பிடித்துத் திரிந்ததா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. காரணம் ஐந்தாவது பதிலில் இருக்கிறது.

எங்களைக் கண்டும் ஓடவில்லை. அதுவே மூளை நோய்க்கு அடையாளம்தானே?

காட்டுக்குள் வாழும் மான் பட்டப்பகலில் மனிதனைக் கண்டு ஓடாமல் நின்றால் சந்தேகிக்க வேண்டியதுதான். ஆனால் திருகோணமலைக்குப் போய்ப் பாருங்கள். பிரெட்றிக் கோட்டைப் பக்கத்திலும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் கடைவாசல்வரை வருகின்றன. அவற்றுக்கு மூளை நோய் இல்லை, மனிதனோடு பழக்கம். இரவில் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் உறைந்து நிற்கும் மானும் நோயாளி அல்ல. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த ஒளியைத் தாங்க முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

நலமான மான்கள் செய்கிற விசித்திரங்கள் இன்னும் உண்டு. புள்ளிமான் கலை பின்னங்கால்களில் எழுந்து நின்று, மேலே உள்ள கிளையில் நெற்றியைத் தேய்த்து வாசனை பூசும். தூரத்தில் இருந்து பார்த்தால் வலிப்பு வந்ததுபோல் இருக்கும். கொம்பின் மேல்தோல் உரியும் காலத்தில் இரத்தம் தோய்ந்த தோல் முகத்தில் தொங்கும். மரை என்ற பெரிய மானின் தொண்டைக்குக் கீழே மயிர் உதிர்ந்து சிவந்த ஒரு வட்டம் இருக்கும். அதைப் புண் என்று நினைத்துப் பலர் எனக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். மரைகளில் அது பரவலாகக் காணப்படுவது, மூளையோடு எந்தத் தொடர்பும் இல்லாதது.

குட்டி ஒன்று பற்றைக்குள் அசையாமல் கிடக்கிறது. கால் வழங்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

வேண்டாம். தாய் மேயப் போகும்போது குட்டியை மறைவில் படுக்கவைத்துவிட்டுத்தான் போகும். குட்டி மூச்சுக்கூடத் தெரியாமல் கிடப்பது அதன் தற்காப்பு. நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தாய் திரும்பி வராது. ஈ மொய்த்தாலோ, காயம் தெரிந்தாலோ, அருகில் தாய் செத்துக் கிடந்தாலோ மட்டும் அறிவியுங்கள். யாருக்கு என்பது கீழே வருகிறது.

கைத்தொலைபேசியில் வந்த ‘சொம்பி மான்’ நோய் இங்கேயும் வந்துவிட்டதா?

இல்லை. அந்தக் காணொளிகளில் காட்டப்படுவது நாட்பட்ட மெலிவு நோய். 1967 இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. 1981 இல் காட்டு விலங்கிலும் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் பரவியது. கனடாவில் இருந்து இறக்குமதியான பண்ணை மான்களோடு தென்கொரியாவுக்குப் போனது. 2016 இல் நோர்வேயின் காட்டுக் கலைமான்களிலும், பின்னர் பின்லாந்திலும் சுவீடனிலும் தெரியவந்தது. இலங்கை மான்களில் இது கண்டறியப்பட்டதில்லை.

இந்த நோய்க்குக் காரணம் பக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. உடலில் இயல்பாக இருக்கும் பிரியோன் என்ற புரதம் தவறாக மடிந்து, பக்கத்தில் உள்ள புரதங்களையும் தன்னைப்போல் மடிய வைக்கிறது. மூளை சிறுகச் சிறுகத் துளை விழுந்துபோகும். தொற்றி ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. அதன் பிறகு மெலிவு, தொங்கும் தலையும் காதும், எச்சில், ஓயாத தாகம், தள்ளாட்டம், பயமின்மை. பிழைத்த மான் கிடையாது. எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறும் பிரியோன் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். நோர்வே அரசு நோர்ட்ஃபியெல்லா மலைப்பகுதிக் கலைமான் கூட்டத்தை முழுதாகவே கொன்று தீர்க்க முடிவெடுத்ததற்கு இந்த அச்சமே காரணம்.

நேற்றுவரை துள்ளித் திரிந்த கொழுத்த மான் இன்று திடீரென்று தள்ளாடினால், அது இந்த நோயின் போக்கு அல்ல. எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை கொழுத்த மான்கள். வெளிநாட்டு நோய் ஒன்றுக்கு நடுங்குகிறவர்கள், தங்கள் வளவில் விசர்த் தடுப்பூசி போடாத நாயைக் கட்டி வைத்திருப்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது.

மானுக்கு விசர் பிடிக்குமா? அது நாய் நோய்தானே?

பிடிக்கும். பாலூட்டி எதற்கும் பிடிக்கும். இலங்கையில் விசர் நோயை வைத்திருந்து பரப்புவது முக்கியமாக நாய். நரி, கீரி போன்றவற்றிலும் அது வருகிறது. வன்னியில் ஊர் நாய் காட்டுக்குள் போய் மானைத் துரத்துகிறது, நரி ஊருக்குள் வருகிறது. இரண்டும் மேயும் விலங்கைக் கடிக்கும். லண்டனில் ரிச்மண்ட் பூங்காவில் 1886, 1887 ஆண்டுகளில் விசர் பரவி இருநூறுக்கும் மேற்பட்ட மான்கள் செத்தன. நமீபியாவில் 1977 அளவில் தொடங்கி, குடு என்ற பெரிய காட்டு விலங்குகள் ஒன்றுக்கொன்று விசரைத் தொற்றவைத்துக் கூட்டங்கூட்டமாக மடிந்திருக்கின்றன. நாய் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

மேய்கிற விலங்கில் விசர் இரண்டு விதமாகத் தெரியும். சிலது வெறி பிடித்து மரத்தையும் வேலியையும் ஆளையும் முட்டும், தன் உடம்பையே கடிக்கும். சிலது சத்தமில்லாமல் ஒதுங்கி, வாயில் எச்சில் ஒழுக, பின்னங்கால் தளர்ந்து, விழுங்க முடியாமல் நிற்கும். இந்த இரண்டாவது விதம்தான் ஆட்களை ஏமாற்றுவது. தொண்டையில் எலும்போ முள்ளோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். மாட்டிலும் இதே பிழை நடக்கிறது. அறிகுறி வெளியே தெரியத் தொடங்கினால் விலங்கு பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் செத்துவிடும்.

அது குளத்தில் தண்ணீர் குடித்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்படியென்றால் விசர் இல்லைத்தானே?

தண்ணீரைக் கண்டு நடுங்குவது மனிதனுக்கு வரும் அறிகுறி. விலங்குகளில் அதை எதிர்பார்க்கக் கூடாது. விசர் பிடித்த நாயே தண்ணீருக்குள் இறங்கி நிற்கும்.

பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்?

முதுகுத்தண்டில் அடி விழுந்திருக்கலாம். ஏ9 வீதியிலும் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலும் இரவில் வாகனம் மோதிவிட்டுப் போய்விடுகிறது, மான் காட்டுக்குள் ஊர்ந்துபோய் விடிந்த பிறகு கண்ணில் படுகிறது. வேட்டைக்காகப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கின் ஈயமும் முதுகில் இருக்கலாம். இடுப்பில் இறுகிய கம்பிச் சுருக்கு மயிருக்குள் மறைந்திருக்கும். காயம் தெரியவில்லை என்பதால் காயம் இல்லை என்று ஆகாது.

இன்னொரு காரணம் நுளம்பு. மாடு, எருமையின் வயிற்றறையில் செற்றாரியா டிஜிற்றாற்றா என்ற வெண்ணிற நூற்புழு வாழ்கிறது. அவற்றுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. அதன் குஞ்சுகளை நுளம்பு எடுத்துக்கொண்டுபோய் ஆட்டையோ செம்மறியையோ குதிரையையோ கடித்தால், தனக்குப் பழக்கமில்லாத உடம்பில் அந்தக் குஞ்சு வழிதவறி முதுகுத்தண்டிலும் மூளையிலும் துளைத்துக்கொண்டு திரியும். காலையில் எழுந்தால் ஆட்டுக்குப் பின்னங்கால் வழங்காது. இலங்கையில் ஆடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவிலும் இதன் உறவு போன்ற ஒரு கதை உண்டு: வெள்ளைவால் மானின் மூளைச் சவ்வில் தொல்லையின்றி வாழும் புழு, நத்தை வழியாக மூஸ் என்ற பெரிய மானுக்குப் போனால் அதைத் தள்ளாடவைத்துக் கொன்றுவிடும். வன்னியில் மாட்டுப் பட்டியும் மானும் ஒரே குளக்கட்டில் மேய்கின்றன, மாரி முடிந்ததும் நுளம்புக்குக் குறைவில்லை. பின்னங்கால் இழுக்கும் மானைத் திறந்து பார்க்கும் வைத்தியர் இதையும் மனதில் வைத்துத்தான் முதுகுத்தண்டைப் பார்ப்பார். ஆனால் ஐந்தாவது பதிலை மறக்க வேண்டாம். விசரும் பின்னங்காலில் இருந்து தொடங்கும்.

வயலுக்கு மருந்தடித்த மறுநாள் வரம்பில் மான் துடித்துக்கொண்டு கிடந்தது. மருந்துதானா?

பூச்சி மருந்துகளில் சிலது நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தியை நிறுத்தவிடாமல் செய்துவிடும். எச்சில், கண்ணீர், கழிச்சல், தசை நடுக்கம், ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, பிறகு வலிப்பு, மூச்சடைப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகளோ பறவைகளோ ஒரே இடத்தில் கிடந்தால் முதலில் நஞ்சை நினைக்க வேண்டும். நோய் ஒரே இரவில் கொக்கையும் மானையும் சேர்த்துக் கொல்வதில்லை.

யூரியாவை யாரும் சந்தேகிப்பதில்லை. உப்புச் சுவைக்காக மான் உரச்சாக்கை நக்கும், சாக்குக் கழுவிய தண்ணீரைக் குடிக்கும். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் யூரியா அமோனியாவாக மாறி இரத்தத்தில் ஏறும். சிறிது நேரத்திலேயே நடுக்கம், வயிற்று உப்பல், தள்ளாட்டம், சாவு. உரச்சாக்கை வரம்பில் விட்டுவிட்டு வருகிறவர் தன் மாட்டுக்கும் சேர்த்தே நஞ்சு வைக்கிறார். மரவள்ளி இலையையும் இளம் சோளக் குருத்தையும் பசியோடு நிறையத் தின்ற மானும் சயனைட்டால் மூச்சுத் திணறி விழலாம்.

கோடையில்தான் இப்படிப் பார்க்கிறோம். வெயில் மூளையைத் தாக்குகிறதா?

வெயிலைவிடத் தண்ணீர்தான். ஆவணி, புரட்டாசியில் சிறு குளங்கள் வற்றிவிடும். சுண்டிக்குளம், கொக்கிளாய்ப் பக்கங்களில் மிஞ்சுவது உவர்நீர். தண்ணீரின்றிக் காய்ந்த விலங்கு உப்பு மிகுந்த நீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஏறும். அதன் பிறகு நல்ல தண்ணீரை ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கும். கண் தெரியாததுபோல் நடப்பதும், எதிலாவது தலையை அழுத்திக்கொண்டு நிற்பதும், வலிப்பும் இதில் உண்டு.

கோடைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. புள்ளிமான் எலும்பையும் உதிர்ந்த கொம்பையும் கடித்துத் தின்னும். காய்ந்த புல்லில் பொசுபரசு போதாததால் அதைத் தேடித் தின்கிறது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அது நோயல்ல. ஆனால் செத்த விலங்கின் எலும்பில் பொட்டுலினம் என்ற பக்டீரியா நஞ்சு இருந்தால், தின்ற விலங்கு காலில் இருந்து கழுத்துவரை துவண்டுபோகும். தென்னாபிரிக்காவில் மாடுகள் இப்படி எலும்பு தின்று ஆயிரக்கணக்கில் செத்த வரலாறு உண்டு. பொட்டுலினம் நஞ்சு தின்ற விலங்கு துவளும். ஏற்புவலி (ரெற்றனஸ்) வந்த விலங்கு நேர்மாறாக மரக்கட்டைபோல் விறைக்கும், சிறு சத்தத்துக்கும் வெட்டி இழுக்கும். சுருக்குக் கம்பி வெட்டிய பழைய காயம் ஏற்புவலிக்கு நல்ல வாசல்.

நாய்கள் துரத்திய மானைக் காப்பாற்றி விட்டோம். காயமே இல்லை. இரண்டாம் நாள் விறைத்துச் செத்துவிட்டது. நாங்கள் என்ன பிழை செய்தோம்?

பிழை நாயினுடையது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய மானின் தசைநார்கள் உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுத்துவிடும். சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். சில மணி நேரத்திலும் சாகலாம், நாள் கழித்தும் சாகலாம். பிடித்த மானைச் சுற்றி நின்று தடவுவதும், படமெடுப்பதும், பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அதற்குத் துரத்தலின் தொடர்ச்சிதான். கண்ணைத் துணியால் மூடி, நிழலில், சத்தமில்லாமல் விடுவது ஒன்றே நம் கையில் இருப்பது. துரத்திய நாய் யாருடையது, ஊசி போட்டதா என்பதையும் விசாரித்து வையுங்கள்.

எங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இது பரவுமா?

எது என்பதைப் பொறுத்தது. நஞ்சும் காயமும் பரவாது. விசர் கடித்தால் பரவும். நொண்டிக்கொண்டும் எச்சில் ஒழுகிக்கொண்டும் வரும் மானுக்கு மூளையில் ஒன்றுமே இல்லாமல் கால்–வாய் நோய் இருக்கலாம். பிளவுபட்ட குளம்புள்ள மாடு, ஆடு, பன்றி, மான் எல்லாவற்றுக்கும் அது வரும், மிக வேகமாகப் பரவும். வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளம் தெரியும். உங்கள் பட்டியில் அந்த நோய் வந்துபோன மாதமா என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டிடம் இருந்துதான் மானுக்குப் போயிருக்கும்.

அப்படி ஒரு மானைக் கண்டால் யாருக்குச் சொல்வது? நாங்கள் என்ன செய்வது?

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது அருகில் உள்ள அவர்களின் பணிமனைக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லலாம். தூரத்தில் நின்று ஒரு நிமிடக் காணொளி எடுங்கள். நடை, தலை, வாய் மூன்றும் தெரிய வேண்டும். நாய்களைக் கட்டுங்கள், பிள்ளைகளை விலக்குங்கள்.

பின்தொடர்ந்து காட்டுக்குள் போகாதீர்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் மிதிவெடி அகற்றி முடியாத துண்டு நிலங்கள் இன்னும் இருக்கின்றன. மான் போன தடம் பாதுகாப்பான தடம் என்று சொல்வார்கள். மானின் எடையும் உங்கள் எடையும் ஒன்றல்ல.

நன்றாகக் காய்ச்சினால் எந்தக் கிருமியும் செத்துவிடும்தானே அண்ணை?

இதைக் கேட்கிறவரின் வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. மானையும் மரையையும் வேட்டையாடுவதும் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருவது அது. உடல்நலக் கணக்கை மட்டும் சொல்கிறேன். விசர் வைரஸ் சூட்டில் செத்துவிடும், ஆனால் ஆபத்து சட்டியில் இல்லை, அறுக்கும் கையில் இருக்கிறது. தலையைப் பிளக்கிறவரின் விரலில் ஒரு கீறல் போதும். பூச்சி மருந்து கொதித்தால் போய்விடும் என்று நம்பக்கூடாது. நான்காவது பதிலில் சொன்ன பிரியோன் சமையல் சூட்டுக்கு அசையாது. அந்த நோய் மனிதனுக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லாதபோதும், வந்த நாடுகளில் அப்படிப்பட்ட இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே சொல்கிறார்கள். தள்ளாடிய விலங்கை நாய்க்கும் போடாதீர்கள்.

ஏற்கெனவே அறுத்துவிட்டோம். கையில் வெட்டும் இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் வருமே?

வைத்தியருக்குத் தெரியவேண்டியது என்ன விலங்கு, எப்படி நடந்தது, எச்சிலோ மூளையோ எங்கே பட்டது என்பவைதான். அதை மறைத்தால் ஊசி தவறிப்போகும். விசர் அறிகுறி மனிதனில் தெரிந்துவிட்டால் திரும்பி வருகிற வழி இல்லை என்றே சொல்லலாம். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம்.

“பத்து நாள் பார்த்துவிட்டுப் போகிறேன்” என்பவர்களும் உண்டு. பத்து நாள் கட்டி வைத்துப் பார்ப்பது நாய்க்கும் பூனைக்கும் சொன்ன விதி. மானுக்கு அது செல்லாது. உயிரோடு இருந்த மானின் மேலில் கை பட்டது மட்டும்தான், காயமும் இல்லை, எச்சிலும் படவில்லை என்றால் பயப்படத் தேவையில்லை. அதையும் வைத்தியரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.

செத்த மானின் தலையைச் சோதிக்க எங்கே அனுப்புவது? நாங்களே வெட்டலாமா?

வெட்டக்கூடாது. கால்நடை வைத்தியரோ வனஜீவராசிகள் திணைக்களத்தின் வைத்தியரோதான் எடுக்க வேண்டும். விசர் சோதனைக்கு மூளை கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும். தலையைக் கசியாத பொலித்தீனில் இரண்டு உறை போட்டுக் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து அனுப்புவார்கள். நீங்கள் செய்யக்கூடியது, அவர்கள் வரும்வரை உடலை நிழலில் வைத்து, கிளை போட்டு மூடி, நாயும் பன்றியும் நெருங்காமல் பார்த்துக்கொள்வது. உயிரோடு துடிக்கிறது என்று தலையில் அடித்துக் கொல்லாதீர்கள். சோதிக்க வேண்டியதே அந்த மூளைதான்.

இரண்டு நாள் வெயிலில் கிடந்து அழுகிய தலையில் ‘விசர் இல்லை’ என்று முடிவு வந்தால் அதை நம்ப முடியாது. அந்த மானிடம் கடிபட்டவரோ அறுத்தவரோ இருந்தால், விசர் இருந்ததாகவே எடுத்துக்கொண்டு ஊசிகளை முழுதாகப் போட்டு முடிக்க வேண்டும்.